நடுவில் செருகிய கட்டம்

கார்த்திகை 9, செவ்வாய்.

தோட்டத்து ஆபீசில் இருந்தவர்கள் நான், மகள் செல்வி, கிளாக்கர் மோகன், கணக்கப்பிள்ளை ராசு.

ஆள் பட்டியலில் போன் நம்பருக்கென்று ஒரு புதுக் கட்டத்தைக் கடைசியில் சேர்க்காமல் மோகன் நடுவில் செருகியிருக்கிறான். புது வீடு யாருக்கென்று லிஸ்ட் போடும் பழைய புரோகிராம் கட்டங்களை எண்ணித்தான் படிக்குமாம். எல்லாம் ஒன்று தள்ளிப்போய், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பாதிப் பேர் கணக்கில் தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஆகிவிட்டார்கள். செல்விக்குப் புது வீடு இல்லையென்றான் மோகன்.

“கம்ப்யூட்டர் அப்புடித்தான் காட்டுது பாட்டி.”

“அப்ப இங்க நிக்கிறது பேயாடா?”

இடுப்பில் செருகியிருந்த விறகுக் கத்தியை உருவி, அவன் கை வைத்திருந்த மேசையில் கொத்தினேன். அவன் விரல் கிழிந்து ரத்தம் கொட்டியது. அழுதுகொண்டே கட்டத்தைக் கடைசிக்கு மாற்றினான். செல்வி பெயர் வந்துவிட்டது. அவனை விட்டுவிட்டேன்.

ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் செல்வி பெயரைக் கூப்பிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பியவனே, “லிஸ்ட்டுல இல்லேன்னா இல்லதான்” என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். சாகும்வரை மன்னிக்க மாட்டேன், அந்த ராசுவை.