கடிதம் 212, இரண்டாம் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

துருக்கறை ஒன்றுபோல் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

கடிதம் 212. முதல் பக்கத்தின் இடது மூலையில் குண்டூசி இருந்த இடம் பழுப்புக் கோடாகப் படுத்துக் கிடக்கிறது. இரண்டாம் பக்கத்திலும் கோடு உண்டு. ஆனால் அது சாய்ந்து, மூலையை வெட்டிக்கொண்டு போகிறது. ஒரே ஊசி இரண்டு தாளில் இரண்டு விதமாக எப்படித் துருப்பிடிக்கும்?

அந்த ஊசியைப் பிடுங்கியவள் நான்தான்.

மார்ச் 5, புதன்

இங்கேயாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

தலைவரின் வீட்டார் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தவை மூன்று தகரப் பெட்டிகள். சிறையிலிருந்து தலைவர் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். ஊசி எடுப்பது, தூரிகையால் தூசி தட்டுவது, மூலையில் பென்சிலால் எண் போடுவது, உறையில் வைப்பது. இதுதான் என் வேலை. எட்டாவதோடு நின்றவளுக்கு இது கிடைத்ததே சித்தியால். அவள் இங்கே பதினாறு வருடமாகத் தரை துடைக்கிறாள்.

நான் வேலை செய்யும் ஊசி அறையில் இரண்டே விதி. ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரு கடிதம்தான் இருக்க வேண்டும். ஃபேன் போடக் கூடாது.

ஜனவரியில் ஒரு நாள் இரண்டையும் மீறினேன். 212, 213 இரண்டின் ஊசிகளும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. சேர்த்தே எடுத்தேன். புழுக்கம் தாங்கவில்லை, ஃபேனை ஒன்றில் வைத்தேன், ஐந்தே நிமிடம். நான்கு தாள்களும் தரைக்குப் போய்விட்டன. எல்லாம் ஒரே சிறைத் தாள், ஒரே மை. தேதி முதல் பக்கங்களில் மட்டும். பக்க எண் கிடையாது.

யாரும் பார்க்கவில்லை. எடுத்து அடுக்கி எண் போட்டேன். வாசித்துப் பார்த்துத்தான் அடுக்கினேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்தேன். பொய். பயத்தில் கண்ணில் ஓர் எழுத்தும் நிற்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று வாசித்தேன்.

212 முதல் பக்கத்தின் கடைசி வரி: ‘நம் அச்சுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்.’

நான் அதோடு சேர்த்த பக்கம் இப்படித் தொடங்குகிறது: ‘அந்த ஆளை இனி வாசலில் நிற்கவிடாதே. காவலர்களுக்குச் செய்தி போனது அந்த ஆள் வழியாகத்தான்.’

213 முதல் பக்கம் ஓர் ஓட்டுநரைப் பற்றியது. ‘நீ சந்தேகப்பட்டது சரிதான்’ என்று முடிகிறது. அதன் பின்னால் நான் வைத்தது: ‘பதினோரு நாள் உள்ளே வைத்திருந்தார்களாம். எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்றே சொன்னாராம். வலது கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது என்கிறார்கள். நீ அவர் வீட்டுக்குப் போ. எனக்காக அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு.’

இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படுத்த கறைக்குப் படுத்த கறை, சாய்ந்ததற்குச் சாய்ந்தது. சந்தேகமே இல்லை.

காட்டிக்கொடுத்தவர் ஓட்டுநர். நான் அந்தப் பழியை அச்சுக்காரர் தலையில் கட்டிவிட்டேன்.

சொல்லாமல் மாற்றி வைத்துவிட்டால்? முடியாது. கடிதங்களைப் படம் எடுத்தாயிற்று. தலைவரின் நூற்றாண்டுப் புத்தகத்துக்கு எழுத்துக் கோத்தும் ஆயிற்று. புத்தகத்தைத் தொகுக்கிறவர் கையிலிருந்து உருப்பெருக்கி இறங்கவே இறங்காது. சித்தி அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மத்தியானம் அவர் நடையில் நின்று எங்கள் காப்பக அதிகாரி மேடத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. “எழுபது வருஷமா யாருக்கும் தெரியாத விஷயம் மேடம்! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான் அந்த அச்சுக்காரன். பேப்பர்காரங்ககிட்ட சொல்லிட்டேன்.”

மார்ச் 7, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா படுக்கையிலிருந்தே கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லையே என்றாள்.

மார்ச் 10, திங்கள்

செய்தித்தாளில் வந்துவிட்டது. தலைப்பு: ‘தலைவரைக் காட்டிக்கொடுத்த கை’. கை என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கையை!

மார்ச் 12, புதன்

அச்சுக்காரரின் மகள் வந்திருந்தார். எண்பது வயது இருக்கும். கண் சரியாகத் தெரியவில்லை, மேசையைத் தடவித்தான் உட்கார்ந்தார். கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி மேடம் என்னை அனுப்பினார்.

பூதக்கண்ணாடி வாசித்துக் காட்டினார். அந்த அம்மா அழவில்லை.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு பேப்பரைப் படிச்சா. அவ ஏதோ தப்பாப் படிக்கிறான்னு நினைச்சேன்,” என்றார். கொஞ்சம் கழித்து, “எங்க அப்பா எங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல சார். வலது கையில மூணு விரல் மடங்காது. சோறு பிசையக் கஷ்டப்படுவாரு. என்னாச்சுப்பான்னு கேட்டா, மெஷின்ல மாட்டிக்கிச்சும்மான்னு சொல்லி முடிச்சிருவாரு.”

மூன்று விரல்! பூதக்கண்ணாடி தலையாட்டிக்கொண்டிருந்தார். 213-ஐ அவரும்தானே வாசித்திருக்கிறார்? அவருக்கு அது ஓட்டுநரின் கை.

அந்த அம்மா நான் நின்ற பக்கம் திரும்பினார். “நீ படிச்சியாம்மா இதை?”

“இல்ல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்?

மார்ச் 13, வியாழன்

சித்தியிடம் சொல்லிவிட்டேன். வாளியை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உன் வேலை போறது இருக்கட்டும்டி. நான்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? என்னையும் சேர்த்து வெளிய அனுப்புவாங்க. உங்க அம்மா மருந்துக்கு யாரு ஓடுறது?”

நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எதையாவது பேசித் தொலையேன்! ஊமைக்கோட்டான் மாதிரி நிக்காத.”

“அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு சித்தி.”

அவ்வளவுதான் வந்தது. சித்தி வெகுநேரம் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

புத்தகம் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அப்புறம் அது மூவாயிரம் பிரதி. அந்த அம்மா இருக்கும்வரை, இல்லாமல் போன பிறகும், அது அப்படியேதான் இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. செய்துவிட்டேன்.

பத்து மணிக்கு 212, 213 இரண்டையும் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். பூதக்கண்ணாடியும் இருந்தார். பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வார்த்தை வராதே, அதேபோல் வரவில்லை. நேரே போய் மேடத்தின் ஃபேனை நிறுத்தினேன்.

“ஏய், என்னம்மா பண்ற?” என்றார் மேடம்.

நான்கு தாள்களையும் வெளியே எடுத்தேன். 212-இன் முதல் பக்கத்தின் பின்னால் 213-இன் இரண்டாம் பக்கத்தை வைத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். ஊசி போன துளையிலும் வந்த துளையிலும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. பிறகு புத்தகத்தில் இருக்கும்படி வைத்துப் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை.

மேடம் எழுந்து வந்தார். தாளை வாங்கி அவரே பிடித்துப் பார்த்தார், இரண்டு முறை. பூதக்கண்ணாடி தன் உருப்பெருக்கியை மூலையில் வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“நான் எழுத்தை மட்டும்தான் பார்த்தேன்,” என்றார் கடைசியில். குரல் இறங்கிவிட்டது.

“இது எப்படி மாறுச்சு?” என்று கேட்டார் மேடம்.

“நான்தான் மேடம்,” என்றேன். “ஃபேன் போட்டேன்.”

மார்ச் 17, திங்கள்

பதிவேட்டில் என் கைப்பட எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அச்சுக்குப் போகும் முன்பே புத்தகத்தில் அந்தப் பக்கங்களை மாற்றிவிட்டார்கள். ஊசி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி கீழ்த்தளத்தில் பெட்டி துடைக்கும் வேலை, மறு உத்தரவு வரும்வரை. சித்தியை ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் என்னோடு பேசாமல் இருந்தாள். சாயங்காலம் வெளியே வரும்போது, “அவ்வளவு பெரிய கண்ணாடிய வெச்சுக்கிட்டு ஒரு ஓட்டையப் பாக்கத் தெரியல அந்தாளுக்கு,” என்றாள். என்னிடம்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

செய்தித்தாளில் ஆறாம் பக்கம் அடியில் நான்கு வரித் திருத்தம். விரலைப் பற்றி ஒன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

பக்கம் சரியாகச் சேர்த்த 212-ஆம் கடிதத்தின் நகலை மேடம் என்னிடமே கொடுத்தார். “தபால்ல போடலாம். ஆனா நீ கொண்டு போ,” என்றார். தப்பு எங்களுடையது என்று மட்டும் அச்சுக்காரரின் மகளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். கடிதத்தில் இருப்பதைச் சொல்லவில்லை.

ஒற்றை அறை வீடு. சுவரில் பழைய அச்செழுத்துத் தட்டு ஒன்றை மாட்டியிருக்கிறார். அதன் குட்டிக் குட்டிக் கட்டங்களில் பொத்தான், மாத்திரை, சாவி.

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “அன்னிக்குப் படிக்கலன்னு பொய் சொன்னேன்மா. படிச்சிருந்தேன். மாத்தி வெச்சதும் நான்தான்.”

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினார்.

“அப்ப நீயே படி. எனக்குக் கண்ணு தெரியாது.”

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தேன்.