மூன்று ஆங்கிலச் சொற்களுக்காகச் சிறையிலிருக்கும் நால்வர்

அனுப்புநர்:
அம்சவேணி, க/பெ சென்றாயன்,
கீழக்காட்டுப்பட்டி, செம்மேடு வழி,
கொல்லிமலை.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா கலெக்டர் துரையவர்கள்,
சேலம்.

பொருள்: நான் எழுதிய ஆங்கில மனுவில் மூன்று சொற்கள் தவறாகக் கொள்ளப்பட்டு, குற்றமற்ற நால்வர் சப்ஜெயிலில் அடைக்கப்பட்டிருப்பது பற்றியும், என்னை நேரில் அழைத்து விசாரித்து அவர்களை விடுவிக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மலைக் குடியானவர் வீட்டுப் பெண். சாமை விதைத்து, மிளகு பறித்துப் பிழைப்பவர்கள் நாங்கள். இம்மனுவை எழுதுவது நானே. படித்த ஆண்பிள்ளை எவரும் பக்கத்திலிருந்து சொல்லித் தரவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், இதை ஒருவரும் நம்பாததால்தான் நாங்கள் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம் என்பதே.

2. எனக்குத் தாய் இல்லை. சிறு வயதில் மிஷன் வைத்தியசாலையில் கட்டுத்துணி துவைக்கும் வேலைக்கு விடப்பட்டேன். அங்கிருந்த துரைசானி அம்மாள் தமிழும், ஆங்கிலத்தில் முதல் பாடப் புத்தகமும் கற்றுக்கொடுத்தார். அவர் சீமைக்குத் திரும்பியபோது ஒரு தகரப்பெட்டி நிறைய ஆங்கில நாவல்களை எனக்கு விட்டுச் சென்றார். பொருள் சொல்ல ஆள் இல்லாததால் கதையைக் கொண்டே சொற்களைக் கற்றேன். புதிய சொல் வந்தால் அதை உடனே நம்ப மாட்டேன். வேறு கதையிலும் வந்து, அங்கும் நான் நினைத்த பொருளே பொருந்தினால்தான் அதை எனதாக வைத்துக்கொள்வேன். துயரம் என்று நான் பொருள்கொண்ட மெலன்கோலி என்ற சொல்லை மகனைப் புதைத்துவிட்டு வந்த ஒரு தாயிடமும், பிறகு மழை விடாத ஒரு ஊரிலும் கண்டேன். இப்படி வருஷக்கணக்கில் சேர்த்தவை என் சொற்கள்.

3. என் கணவர் சென்றாயன் எழுத்தறியாதவர். ஆனால் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். மறுநாள் காட்டு வேலையின் நடுவே, "அந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் ஆச்சா இல்லையா, அதையாச்சும் சொல்லு" என்பார். பெண்டாட்டி புத்தகம் படிப்பதை ஊர் பரிகசித்தபோது அவர் ஒருநாளும் என்னைத் தடுத்ததில்லை.

4. சென்ற கோடையில் எங்கள் ஊர்ச் சுனைக்குப் போகும் பாதையை வன இலாகா கார்டு முள் போட்டு அடைத்தார். அது ரிசர்வ் எல்லைக்குள் வருகிறது என்றார். அதன் பின் பெண்கள் பாறைச் சரிவில் இறங்கித்தான் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. அர்த்தனாரியின் மனைவி கண்ணாயி நிறைமாதக் கர்ப்பிணி. குடத்தோடு சறுக்கி விழுந்தாள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. ரேஞ்சு ஆபீசுக்குத் தமிழில் இரண்டு மனுக்கள் கொடுத்தோம். பதில் இல்லை. அப்போதுதான் என் கணவர், "உனக்குத்தான் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தெரியுமே. மேலே இருக்கற தொரைக்குப் புரியறாப்ல இங்கிலீசுலயே எழுதிப் போடு" என்றார். எழுதினேன். என் கணவரும் அர்த்தனாரியும் எங்கள் ஊர்ச் சின்னக்கண்ணுவும் அதில் கைநாட்டு வைத்தார்கள். நான் எழுதியவள்தானே, ஊர் மனுவில் ஆண்கள் பெயர் இருந்தால் போதும் என்று என் பெயரைச் சேர்க்கவில்லை.

5. அந்த மனு, நான் எழுதியனுப்பிய வன அதிகாரி துரையிடமிருந்து போலீசுக்குப் போனது. ஆகஸ்டு மாதம் முதல் நாட்டில் நடக்கும் கலவரங்களை ஐயா அறிவீர்கள். போலீசார் மலையேறி வந்து, கைநாட்டு வைத்த மூவரையும் கயிற்றில் பிணைத்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். என் மனுவின் கடைசி வரிகளை இன்ஸ்பெக்டர் தமிழில் இப்படிப் படித்துக் காட்டினாராம்: "நாங்கள் எதற்கும் துணிந்த முரடர்கள். கார்டைத் தீர்த்துக்கட்டும் வரை துரையை முற்றுகையிடுவோம்."

6. ஐயா, நான் எழுதியது அதுவல்ல. டெஸ்பரேட் என்ற சொல்லை நான் கற்றது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டும் ஒரு தாயிடமிருந்து. வேறு போக்கிடம் இல்லாதவர் என்று பொருள் கொண்டேன். பெஸீஜ் என்பதை, ஒரு பெண்ணைக் கேட்டு அவள் தகப்பனாருக்கு ஓயாமல் கடிதம் எழுதும் ஒரு வாலிபனிடம் கற்றேன். அவன் கையில் பேனாவைத் தவிர ஆயுதம் இல்லை. டிஸ்பாட்ச் என்பது, ஒரு எஜமானி தன் வேலைக்காரனைப் பட்டணத்துக்கு அனுப்பும் இடத்தில் வந்தது. பெட்டிகளை அனுப்பும் இடத்திலும் வந்தது. கார்டை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதைத்தான் அந்தச் சொல்லால் கேட்டேன். எங்களுக்கு வேறு வழியில்லை, கார்டை மாற்றும் வரை மனுப்போட்டுக்கொண்டே இருப்போம் என்பதே நான் எழுதியது.

7. ஸ்டேஷனில் மூவரிடமும், எழுதிக்கொடுத்தவன் யார் என்று கேட்டார்கள். என் கணவர் உண்மையைச் சொன்னார். மலைக்காரி இங்கிலீஷ் எழுதினாள் என்று சொல்லிக் கேலி செய்வதாக எண்ணி அவரை அடித்தார்கள். அர்த்தனாரியும் அதையே சொன்னார். அவருக்கும் அதே கிடைத்தது. சின்னக்கண்ணு சிறுவயதிலிருந்தே பலவீனமானவர். அடி தாளாமல், தமக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் படித்தவரின் பெயரைச் சொல்லிவிட்டார். அவர் காரவள்ளிப் பள்ளிக்கூட வாத்தியார் குழந்தைவேல். அவரை எனக்கு முகம்கூடத் தெரியாது. மறுநாள் வகுப்பில் வைத்தே அவரைப் பிடித்தார்கள். இரைப்பு நோய்க்காரரான அவர் இப்போது மற்ற மூவரோடு சப்ஜெயிலில் இருக்கிறார்.

8. வாத்தியாரின் மனைவி ராக்கம்மாள், எழுதியவள் நான் என்று என் கணவர் சொன்னதைக் கேள்விப்பட்டு, தனியே மலையேறி என் வீட்டுக்கு வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. "எங்கூட்டுக்காரருக்கு அத்தன இங்கிலீசு தெரியாது கண்ணு. புள்ளைங்களுக்குப் பூனை, நாயின்னுதான் சொல்லிக் குடுக்கறாரு. நீ வந்து சொல்லிப்போடு கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே அவரோடு இறங்கிவிட்டேன்.

9. இன்ஸ்பெக்டரிடம், மனு எழுதியவள் நான்தான் என்று சொன்னேன். அவர் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். ஐயா, நான் கற்ற பெரிய சொற்களைக் கண்ணால் கண்டிருக்கிறேனே தவிர, யாரும் சொல்லிக் காதால் கேட்டதில்லை. தண்ணீர் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் சொல்லை எழுத்துக்கூட்டி இஸ்லாண்ட் என்று படித்தேன். பட்டாளத்து அதிகாரியைக் குறிக்கும் சொல்லைக் கொலோனெல் என்றேன். கான்ஸ்டேபிள்கள் சிரித்தார்கள். "இங்கிலீஷ் தெரிஞ்சவ இப்படியா படிப்பா? எவனோ நாலு எழுத்தைச் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கான். அவன் பேரைச் சொல்லு, உன் புருஷனை விட்டுடறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அர்த்தம் சொல்றேனுங்க, அதைக் கேளுங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த தடித்த புத்தகத்தைப் பிரித்து, டிஸ்பாட்ச் என்ற சொல்லின் கீழே கொல்லுதல் என்ற பொருளும் இருப்பதைக் காட்டினார். அகராதியை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அந்த வேளையிலும் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்க மனம் ஏங்கியது என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

10. திரும்பும்போது கம்பிக்கு வெளியே நின்று என் கணவரைப் பார்க்க விட்டார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "அந்த வார்த்தைக்கு நெசமாவே கொல்றதுன்னும் ஒரு அர்த்தம் இருக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சரி போ. மாடு கட்டிக் கெடக்கும்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும்.

11. நான் மலைக்குத் திரும்பியபோது ஊர் மூப்பர் அப்பாசாமி என் வாசலில் நின்றார். போலீஸ் மறுபடி வந்தால் அந்தப் புத்தகங்கள் ஊரையே உள்ளே தள்ளிவிடும், கொளுத்திவிடு என்றார். அவர் பயத்தில் தவறில்லை. நானே பெட்டியைச் சுமந்துபோய் வரகு வைக்கோல் போட்டுக் கொளுத்தினேன். முடிவு தெரியாமல் பாதியில் நிறுத்தியிருந்த கதை ஒன்றும் அதில் போயிற்று. பிறகுதான் புரிந்தது, நான் படித்தவள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டேன் என்று.

12. வருகிற திங்கட்கிழமை நால்வரையும் கோர்ட்டில் நிறுத்தி, இராஜாங்கத்துக்கு விரோதமான குற்றம் சாட்டப்போவதாக அறிகிறேன். அவர்களுக்கு வக்கீல் இல்லை. எனவே ஐயா அவர்களை இறைஞ்சிக் கேட்பது இதுதான். அதற்குள் என்னைத் தங்கள் முன் அழைக்க வேண்டும். தங்கள் வீட்டில் உள்ள ஆங்கில நாவல் எதுவானாலும், நான் கண்ணால் காணாதது எதுவானாலும், அதில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுக்க வேண்டும். என் வாயால் படிக்கச் சொல்லாமல், அதிலுள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்று கேட்க வேண்டும். ஒரு தாளும் பேனாவும் கொடுத்தால், வன அதிகாரிக்கு எழுதியதைத் தங்கள் கண்ணெதிரில் திரும்பவும் எழுதுகிறேன். கையெழுத்தை ஒத்துப் பார்க்கலாம். அதன் பிறகும் அது குற்றமென்றே பட்டால், தண்டனையை எழுதியவளுக்குக் கொடுங்கள். வாத்தியாரை இன்றே வீட்டுக்கு அனுப்ப உத்தரவிடுங்கள். அவருக்கு இரவில் மூச்சு விட முடிவதில்லை என்று ராக்கம்மாள் சொல்லுகிறார். சுனைப் பாதையைப் பற்றி நான் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாயி மறுபடியும் அந்தப் பாறைச் சரிவில்தான் இறங்குகிறாள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்ளுகிறேன்.

13. இம்மனுவை நானே கொண்டுவந்திருக்கிறேன். ராக்கம்மாளும் கூட இருக்கிறார். தாங்கள் கூப்பிடும் வரை கலெக்டர் கச்சேரிக்கு வெளியே புளியமரத்தடியில் இருப்போம். எங்களால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது.

14. இதை ஆங்கிலத்தில் எழுதினால் தாங்கள் நேராகப் படிக்கலாமே என்று ராக்கம்மாள் கேட்டார். விடுவிப்பதற்கு ஆங்கிலத்தில் எனக்குப் பல சொற்கள் தெரியும். எதற்குள் வேறு என்ன பொருள் ஒளிந்திருக்கிறதோ என்ற பயத்தில் ஒன்றையும் எழுதக் கை வரவில்லை. அதனால் தமிழில் கேட்கிறேன். அவர்களை விட்டுவிடுங்கள்.

இடம்: சேலம்
தேதி: 3-12-1942

இங்ஙனம்,
அம்சவேணி