ஏழு வருடப் போரில் துவைத்தது யார்?

மார்ச் 3, செவ்வாய்

வாசகர் வட்டத்துக்காகப் படிக்கும் சரித்திர நாவல், பக்கம் 612. அரசனுக்குத் தோளில் வாள்வெட்டு. ரத்தம் தோய்ந்த மேலாடையை இளவரசி கொதிநீரில் அலசுகிறாளாம்; அது நிலவுபோல் வெளுத்துவிடுகிறதாம். பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருக்கிறேன். ரத்தக்கறையில் கொதிநீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது இது. எழுதினவருக்கு யாரும் சொல்லவில்லையா?

மார்ச் 5, வியாழன்

நாற்பதாயிரம் வீரர்கள். ஏழு வருடப் போர். ஒருத்தரும் துணி துவைக்கவில்லை. எங்களிடம் ஒரே ஒரு நாள் மெஷின் நின்றால் நாலு வார்டுக்கு விரிப்பு கிடையாது.

போன மாதம் படித்த டிராகன் நாவலே தேவலை. அந்த டிராகனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆடு, அந்த ஆட்டை மேய்ப்பது யார் என்பது வரை எழுதியிருந்தது. இல்லாத மிருகத்துக்கு அவ்வளவு அக்கறை. இருந்த மனிதர்களுக்கு ஏன் இல்லை?

மார்ச் 7, சனி

நூலக வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னேன். வட்டத்தை நடத்தும் வங்கி மேனேஜர் சிரித்தார். "என்னம்மா, கதைக்குள்ள போய் அழுக்குத் துணியத் தேடுறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்த எழுத்தாளரே வருகிறார். கேள்வி கேட்பவர்கள் பட்டியலில் நான் நாலாவது. கிளம்பும்போது பார்க்கிறேன், என் பெயரை மட்டும் மேனேஜர் அடித்திருக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. எண்ணூறு பக்கமும் வரி விடாமப் படிச்சவ நான். அந்த ஆளு முன்னுரையத் தாண்டினாரா?

மார்ச் 8

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "விடு, கதைதானே" என்றார். கதைதானேவா? சினிமாவில் டிரைவர் கியர் மாற்றாமல் மலையேறினால் டிவியைப் பார்த்துக் கத்துகிற பஸ் டிரைவர் இவர். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அப்புறம், "எழுந்து கேட்டுடு. தூக்குலயா போடப் போறாங்க?"

மார்ச் 14, சனி

கேட்டேன். பட்டியல் முடிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். "நேரமாச்சும்மா" என்றார் மேனேஜர். "அவங்க பேசட்டும்" என்றார் எழுத்தாளர்.

"ஏழு வருஷம் யார் சார் துவைச்சாங்க?"

"நான் அத யோசிக்கவே இல்லைங்க." எழுத்தாளர் சட்டைப்பையிலிருந்து சீட்டு எடுத்துக் குறித்துக்கொண்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 20

ஒன்றும் படிக்கவில்லை. வேலை.

செப்டம்பர் 5, சனி

அந்த நாவலின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. மேனேஜரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கொடுத்தார். "தொண்ணூத்தாறாம் பக்கம் பாருங்க, உங்க ஆளு வந்திருக்கா. அடுத்த கூட்டத்துல நீங்கதான் முதல்ல பேசணும். பத்து நிமிஷம்."

வந்திருக்கிறாள். ஆற்றங்கரையில் முழங்கை சிவக்கத் துவைக்கிறாள். நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தேன். ஒரு பக்கம் முழுக்க அவள்தான்.

97-இல் அம்பு பட்டுச் செத்துப்போகிறாள். ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டேன். பத்து நிமிடம் போதாது என்று சொல்லிவிட்டேன்.