வண்டியில் இருக்கும்போது என் போனை எடுக்காதே

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் அங்கே கை கால் முழுசாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். தினமும் போன் போட்டுக் காதைத் தின்கிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்து ஒன்று மேலே ஏறும் ஒன்று கீழே இறங்கும், சிரித்துக்கொண்டே படி, ஆனால் முழுசாகப் படி. போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது சமாதானம் சொல்லுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா. அதுவும் இல்லாமல் இரண்டு வாரமாக அந்தப் போனைக் கையில் எடுக்கவே கூசுகிறது. நீ கூப்பிட்டபோதெல்லாம் உன் அண்ணி எடுத்து அத்தை குளிக்கிறாங்க, அத்தை தூங்குறாங்க என்று சொன்னாளே, நான் குளிக்கவும் இல்லை தூங்கவும் இல்லை, பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள் என்று நீயாவது கேட்டிருக்கலாம்.

வீட்டு விஷயம் என்றால், சமையலறைக் குழாய் ஒழுகினது சரியாகிவிட்டது. மேல் வீட்டுக்காரர் இன்னமும் காலையில் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார், நானும் அதை மறக்கவில்லை. நீ உன் பட்டறையில் செய்து அனுப்பிய பல் செட் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கடிக்கிறது, கடிக்கட்டும், இந்த வாய் கொஞ்சம் கடிபட வேண்டியதுதான். ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்குச் சாயங்காலம் உன்னிடம் இந்த வாயால் சொன்னது பொய். அண்ணன் வேன் மேல ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல கண்ணுமண்ணு தெரியாம வந்து மோதிட்டான், நல்லவேளை அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல என்று சொன்னேன் இல்லையா. நீகூட அந்த ஆளுக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டாய். அவனுக்கென்ன, ஆஸ்பத்திரியில படுத்திருக்கான், வேகமா வந்தா அப்படித்தான் என்று சொன்னேன். நீயும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாய் என்கிற நினைப்புகூட எனக்கு அப்போது வரவில்லை.

நடந்தது இதுதான். அன்றைக்குக் காலையில் எனக்கு நம் அலுமினிய ஏணி ஞாபகம் வந்தது. உன் அண்ணியுடைய அம்மா பல்பு மாட்டணும் என்று வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது, ஒரு பல்பு மாட்ட இரண்டு வருஷமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, அம்மா, வண்டி ஓட்டிட்டு இருக்கேன், சலவைத் துணி இறக்கிட்டு நானே கூப்பிடறேன் என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஓட்டு, உன்னை யாரு நிறுத்தச் சொன்னா, காதுதானே என்கிட்ட இருக்கு, கண்ணு ரோட்டுலதானே இருக்கு என்றேன். சொல்லிவிட்டு ஏணிக் கதையை ஆரம்பித்தேன். உன் மாமியாருக்கு அது எங்க சாத்தி வெச்சிருக்கோம்னாவது ஞாபகம் இருக்கா, கொல்லையில மழையில நனையுதா, நேத்து போனியே கண்ணால பாத்தியா இல்லையா என்று ஆறு நிமிஷம் பேசினேன். அவன் உம், உம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அப்புறம் ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, தகர டின்னைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி. பிறகு அவன் ஐயோ என்றது கேட்டது, வேன் கதவு திறந்தது கேட்டது, தூரத்தில் யாரோ ஓடிவந்து தலையைத் தூக்காதீங்க, தலையைத் தூக்காதீங்க என்று கத்தினது கேட்டது. நான் அப்போதும் ஹலோ, ஏணி என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுத என் கை வரவில்லை, ஆனால் கேட்டேன். எனக்கு விஷயம் புரிந்தபோது என்ன செய்தேன் என்றால், போனை வைத்துவிட்டேன். அங்கே நான் இல்லவே இல்லை என்கிற மாதிரி வைத்துவிட்டு, போய் அரிசி களைந்தேன்.

ஏன் அவன் எடுத்தான் என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உங்கப்பா குளியலறையில் விழுந்த அன்றைக்கு அவனுக்குப் பதினோரு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டிட்டு இருந்தேன்மா என்று வந்து அழுதான். அப்பனை விட வண்டி பெருசாப் போச்சா என்று சாவுக்கு ஊர் ஜனம் கூடியிருந்த இடத்தில் கேட்டேன். அதோடு விட்டேனா. வருஷம் தவறாமல், வீட்டுக்கு யார் வந்தாலும், பதினோரு தடவை போட்டேன் இவன் எடுக்கலை என்று சொல்லாமல் ஒருத்தரையும் நான் அனுப்பினதில்லை. அதற்கப்புறம் அவன் என் போனை மூன்றாவது தடவைக்கு மேல் விட்டதே இல்லை. பரவாயில்லையே, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று பெருமையாகத்தான் இருந்தேன். நீயும் அவனைப் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தாய், நீயும் போன் மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவாய்.

போலீஸ் ஸ்டேஷனில் உன் அண்ணன், நான் போன் பேசலை, அந்த ஆள்தான் வேகமா வந்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, நீ எதுவும் வாயைத் திறக்காதம்மா, உன்னை அங்க கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சுக் கேள்வி கேட்கறதை என்னால பாக்க முடியாது என்றான். உன் அண்ணி அவன் போனைப் பார்த்திருக்கிறாள், எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டார்கள் என்று அதில் இருக்குமாமே. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது வருஷமாக நான் அவளைச் சொன்னதற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிச் சண்டையாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தட்டில் சோற்றைப் போட்டு, சாப்பிடுங்க அத்தை என்று மட்டும் சொன்னாள்.

அஞ்சாவது நாள் நானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாவப்பட்டுப் போனேன் என்று நினைக்காதே, அந்த ஆளிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். முடியைச் சிலுப்பிக்கொண்டு திரிகிற விடலையாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பார்த்தால் நாற்பத்தைந்து வயசு மனுஷர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இடது கையால் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது, தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் முகம் முழுசாக மூடுகிற ஹெல்மெட், ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்ந்துபோய் இருந்தது, அது இல்லையென்றால் தேய்ந்தது அவர் தாடை. இருட்டில் மின்னுகிற பட்டை வைத்த சட்டை, கைக்கு உறை, பகலிலும் முன்விளக்குப் போட்டுத்தான் ஓட்டுவாராம், ஒன்றிலும் குறை இல்லை. வேன் டிரைவரோட அம்மா என்று சொன்னேன். உங்க பையன் தூங்குறாராம்மா, இப்படி ஆச்சுன்னா ஓட்டினவருக்கும் தூக்கம் வராது என்று அவர் என்னைக் கேட்டார். அப்புறம் சொன்னார், இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன்மா, எதிர்ல திரும்ப நிக்கிற வண்டியில ஓட்டறவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்த்துட்டார்னா போவேன், இல்லன்னா நிப்பேன், இதுதான் என் பழக்கம். அன்னைக்கு உங்க பையன் நேரா என்னைப் பார்த்தார், அதனாலதான் நான் வந்தேன். பார்த்துட்டே திரும்பிட்டார். எங்க கம்பெனியில எல்லாரும் நீதான் வேகமா போயிருப்பேங்கறாங்க, எனக்கும் இப்போ அப்படித்தான் தோணுது, பார்த்தார்னு நான் நினைச்சதே தப்போ, இனிமே எதை நம்பி வண்டி எடுக்கறது என்றார். என் மகன் கண் அவர் மேல்தான் இருந்திருக்கிறது, ஆனால் அவன் பார்த்தது சம்பந்தி வீட்டுக் கொல்லையில் நிற்கிற ஏணியை. எனக்கு மட்டும்தான் அது தெரியும். தெரிந்தும் ஆரஞ்சுப் பழப் பையை அங்கே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நாலு நாள் தாங்கினேன். ஒருத்தர் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருக்கிறாரே என்று நினைத்தால் சோறு எடுக்கிற கை நின்றுவிடுகிறது. திரும்பப் போய்ச் சொல்லிவிட்டேன். நான்தான் போன்ல இருந்தேன், அவன் வெச்சிடறேன்னுதான் சொன்னான், நான்தான் விடலை, உங்க மேல ஒரு தப்பும் இல்லை, ஸ்டேஷன்லயும் வந்து சொல்றேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்போ நான் சரியாத்தான் பார்த்திருக்கேன் என்றார். அவ்வளவுதான். பரவாயில்லைம்மா என்று சொல்லுவார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது, சொல்லவில்லை. அவர் மனைவி இரண்டாவது தடவை நான் கொண்டுபோன பழத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, படி ஈரமா இருக்கு, பார்த்து இறங்குங்க என்றாள். வேறு யாராவது பழத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் சாகும்வரை சொல்லிக் காட்டியிருப்பேன். இவளை நான் என்ன சொல்ல.

வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. லைசென்ஸ் போனா நான் என்ன வேலை பாக்கறது, உனக்காகத்தான் பொய் சொன்னேன், அதையும் உடைச்சிட்டியே என்றான். அப்புறம், நீ கூப்பிட்டா எனக்கு வயித்தைக் கலக்குதும்மா, ஒன்பது வருஷமா அந்தப் பதினோரு போனுக்கும் நான்தான் பதில் சொல்லிட்டு இருக்கேன் என்றான். பெற்ற பிள்ளைக்கு என் பெயர் திரையில் வந்தால் வயிறு கலங்குகிறது என்று இந்த வயசில் தெரிந்துகொண்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நேற்று அண்ணி வந்து, அவர் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போறாராம், உள்ளதைச் சொல்லிடறாராம், நீங்களும் வர்றதுன்னா வரலாம்னாரு என்றாள். போகிறேன். அவன் லைசென்ஸ் என்ன ஆகும் என்று தெரியாது. என்ன ஆனாலும் அதற்கு அவன் காரணம் இல்லை என்று அங்கே உட்கார்ந்து சொல்லுவேன், எழுதச் சொன்னால் இந்தக் கோணல் எழுத்தில் எழுதியும் கொடுப்பேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ பட்டறையில் இருந்து வீட்டுக்கு நாற்பது நிமிஷம் மோட்டார் சைக்கிளில் வருகிறாய். போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டேன், ஓ என்று காற்று இரைந்தது. என்ன சத்தம்டி என்று கேட்டேன், பட்டறை மிஷின்மா என்றாய். அதற்கு முன்னால் நீ காய்ச்சலில் இருந்து எழுந்த வாரம் செவ்வாய்க்கிழமை, பெரியம்மா மகள் என்னை மதிக்காத கதையைச் சொன்னேனே, அன்றைக்கும் அதே சத்தம், நடுவில் ஹார்ன் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறாய். உன் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று எனக்குத் தெரியாதா, எனக்கு எது மறந்திருக்கிறது. தெரிந்தது, கண்ணு. வண்டியில்தான் இருக்கிறாய் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் நான் வைக்கவில்லை, கதை பாதியில் இருந்தது. அண்ணன் விஷயத்திலாவது ஏதோ புத்தி கெட்டுப் பேசினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், உன் விஷயத்தில் அப்படிக்கூடச் சொல்ல வழியில்லை. ஒருவரிடமும் இதை நான் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அந்த லிஃப்ட்காரர் இரண்டாவது தடவை நான் கிளம்பும்போது சொன்னதைத்தான் சொல்கிறேன். இனிமே ஓட்டறவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், வண்டியோட முன்சக்கரத்தைப் பார்ப்பேன் என்றார். நீயும் அப்படியே செய். உன்னைப் பார்க்கிறவன் காதில் என்னைப் போல ஒருத்தி பேசிக்கொண்டிருப்பாள் என்று வைத்துக்கொள். பெரிய வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதே, ஹெல்மெட் வாரை இறுக்கிக் கட்டு, பட்டறையில் நேரமாகிவிட்டால் ஆகட்டும், பல் இல்லாதவர்கள் ஒரு நாள் கூடக் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், விழாமல் அடிபடாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு ஒரு வார்த்தை ஆறுதலாக எழுது, அண்ணிக்கும் தனியாக எழுது, நான் எழுதச் சொன்னதாக எழுதாதே. கடிதம் கிடைத்ததும் பதறிப்போய் வழியில் நின்றுகொண்டு கூப்பிடாதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீயே கூப்பிடு, நான் கூப்பிடப் போவதில்லை. பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டாலும் வண்டியில் இருந்தால் எடுக்காதே, பதினோரு தடவை அடித்தாலும் எடுக்காதே. எடுக்கவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது என்று பொய் சொல்ல மாட்டேன். வரும். வரட்டும். கோபித்துக்கொள்ள எனக்கு நீ இருக்க வேண்டும்.

உன் மேல் உயிராக இருக்கும்,
உன் அம்மா