முள் நேராகத்தான் இருந்தது

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி வீட்டை விட்டு வேறு வீடு பார் என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன், நீ கேட்டால்தானே.

போனும், நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோவும் இருக்க, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் இவர் பக்கத்திலேயே நிற்கிறார். ரேடியோவில் பேசினால் காது உள்ளவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அதனால்தான் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் பேக்கிங் மேசை ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் நீ இங்கிருந்து போகும்போது கொடுத்துவிட்டுப் போன, ரேடியோ சிக்னலுக்கு வலுவேற்றும் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். மாதக்கணக்காக அது என் சாப்பாட்டு மேசையில்தான் குடியிருக்கிறது. நாங்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறோம். அதன் முகப்பு மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று உன் மாப்பிள்ளை சொல்ல, நீயும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேடியோவில் ஒவ்வொரு வைத்தியமாகச் சொல்கிறாய். வால்வு தளர்ந்திருக்கும் என்றாய், மாற்றினார். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் ரெசிஸ்டர் கெட்டிருக்கும் என்றாய், அதையும் மாற்றினார். யாரோடும் பேசாமல் சும்மா இருக்கும்போது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கச் சொன்னாய். என்ன மாற்றினாலும் குறைவாகத்தான் காட்டியது. உனக்கும் மண்டை காய்ந்துவிட்டது என்று போன வாரம் உன் குரலிலேயே தெரிந்தது.

அண்ணா, பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. இவர் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நீ கடைசியாகச் சொன்னபடி, பெட்டியை அணைத்து, கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரின் வயர்களை உள்ளே மாட்டி, மூடியை இறுக்கிவிட்டு, பிறகு ஓடவிட்டார். எண்ணை மட்டும் என்னைப் படிக்கச் சொன்னார். நான் படித்தது நீ எதிர்பார்த்த எண்ணேதான். அப்படியானால் முகப்பில் இருக்கும் இந்தப் பெரிய மீட்டருக்கு என்ன வந்தது என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். இத்தனை நாளாக அதைத் துடைக்கக்கூட என்னை விட்டதில்லை. முள் நடுவில் ஒடித்துவிட்ட மாதிரி கோணிக்கொண்டு நிற்கிறது. “என்னங்க இது, முள்ளு இப்படி வளைஞ்சு கிடக்கு?” என்று கேட்டேன். இவர் சிரித்தார். “முன்னாடிதான் வளைஞ்சிருந்துச்சு. கண்ணாடியைக் கழட்டி, இடுக்கியால புடிச்சு நான்தான் நேராக்குனேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத, திட்டுவாரு. இப்ப பாரு, நூல் புடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

கோணல் முள்ளிலா, இவர் கண்ணிலா என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மீட்டருக்கு நேர் எதிரே நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் எண் தப்பும் என்று நீதானே கற்றுக்கொடுத்தாய். இவர் எப்போதும் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் பார்ப்பார். அதே மாதிரி சமையலறை ஜன்னலைப் பார்க்கச் சொன்னேன். நேராக இருக்கிற நடுக் கம்பி வளைந்திருக்கிறதாம். “வீட்டுக்காரன் மட்டமான கம்பியாப் பார்த்துப் போட்டிருக்கான்” என்றார். சரி, இப்போது மற்ற கண்ணால் பாருங்கள் என்றேன். பார்த்தார். மறுபடி மாற்றிப் பார்த்தார். இடது கண்ணுக்குக் கம்பி நேராகத் தெரிந்திருக்க வேண்டும். “தூக்கம் சரியில்ல, அதான்” என்று சொல்லிவிட்டு மேசைக்கே திரும்பிப் போய்விட்டார்.

தொழிற்சாலை நர்ஸிடம், வேறு யாருக்கோ என்பது போலக் கேட்டுப் பார்த்தேன். நேர்கோடு வளைந்து தெரிந்தால் விழித்திரையில் நீர் கோத்திருக்கலாம், சீக்கிரம் காட்டினால் ஊசி போட்டு இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் போனது போனதுதான் என்றாள். இவரிடம் சொன்னால், “முதல்ல மீட்டர் சரியாகட்டும், அப்புறம் கண்ணைப் பார்க்கலாம்” என்கிறார். காரணம் எனக்குத் தெரியாதா? கண் சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், இவர் ஓட்டுகிற தொழிற்சாலைப் பேருந்தைத் தொட விடமாட்டார்கள். எங்கள் ஷிப்ட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வருகிற பேருந்து அது. அன்றைக்கு ஒரு குறுகலான தெருவில் பக்கக் கண்ணாடி சுவரில் உரசிவிட்டது. சுவரை யாரோ தள்ளிக் கட்டிவிட்டார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்கு அலுத்துவிட்டது, அண்ணா. சண்டை போடவும் தெம்பில்லை. நான் சொன்னால் அது பெண்டாட்டி புலம்பல், நீ சொன்னால் மறுபேச்சு கிடையாது. புது மீட்டர் வேண்டும் என்று கேட்பார், அனுப்பிவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய். முள் நேராகத்தான் இருந்தது என்று நீயே சொல். கண்ணைக் காட்டிவிட்டு வருகிற வரைக்கும் ரேடியோவில் இவரோடு பேசமாட்டேன் என்றும் சொல். நான்தான் எழுதினேன் என்று தெரிந்தாலும் பரவாயில்லை, கோபத்தை நான் தாங்கிக்கொள்கிறேன். வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இவர் வேண்டும். அந்தப் பெண்களும் வீடு போய்ச் சேர வேண்டும்.

பேருந்தில் எப்போதும் பின்னால் சிநேகிதிகளோடுதான் உட்காருவேன். இப்போது இவர் முதுகுக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்காருகிறேன். அதோ சைக்கிள்காரர் திரும்புகிறார், இதோ ஒரு அம்மா குழந்தையோடு குறுக்கே வருகிறாள் என்று ஊர்வம்பு பேசுகிற மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன். வாயாடி என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள். நான் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினால் இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்.

சீக்கிரம் பேசு, அண்ணா.

உன் தங்கை