ஜூலியா போட்டுவிட்ட லென்ஸ்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் டிரேவருக்கு உன் மம்மி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் டாடியும் இங்கே நல்ல சுகம், உன் பேரைச் சொல்லாமல் ஒருநாளும் செபமாலையை முடிப்பதில்லை, நீ சுகமாகத்தான் இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அந்த ஆக்லாந்து குளிரில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஆல்ரைட் மம்மி என்று வாயை அடைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் ஒருமுறை கேட்டுவிட்டேன், பதில் ஒழுங்காக வரவேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். வீடியோவில் பேசும்போதெல்லாம் ஜூலியா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பற்றி அவள் முன்னாலேயே நான் எப்படிப் பேசுவது? ஆகவே எழுதி ஒட்டி, உன்னிடம் புறப்பட்டு வருகிறவள் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறேன். ஒட்டாமல் கொடுத்தாலும் அவள் பிரித்துப் பார்க்கமாட்டாள், டாடிதான் பார்ப்பார், ஒட்டுவது அவருக்காக.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. உன் பெண்டாட்டிக்கு விசா வந்ததை என்னிடம் மறைத்தீர்களே, நீயும் கூட்டுக் களவாணிதானே? கேட்டபோதெல்லாம் ஆபீசில் லேட் பண்ணுகிறார்கள் மம்மி என்றாய், நானும் நம்பி முகம் தெரியாத அந்த ஆபீசர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் மாதா சுரூபம் இருக்கிற கெபி பக்கம் நின்றபோது உன் மாமியார் அன்னா வந்து, "என்ன சம்மந்தி, விசா வந்து எவ்ளோ நாளாச்சு, இன்னும் டிக்கெட் போடலயே, உங்க கண்ணு செட்டாவட்டும்னு சொல்றாளே" என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் தெரிந்தது மாதிரி தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜூலியாவைப் பிடித்துக்கொண்டேன். ஏன்டீ, புருஷனை விட்டுவிட்டு இங்கே உட்கார என் கண் என்ன கைக்குழந்தையா என்று கத்தினேன். அவள் பயப்படவே இல்லை. "லென்ஸ நீங்களே போட்டு நீங்களே எடுக்கறத நான் பாக்கணும் மம்மி, அப்புறம் போறேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம்கூட நீங்கள் சேர்ந்து இருக்கவில்லை. என் விரல் நுனியில் ஒட்டுகிற ஒரு சின்னத் தகட்டினால் என் பிள்ளை அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான் என்று நினைத்தபோது எனக்கு வந்த அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

கண் கதை உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் கேள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வலது கண்ணில் புரை எடுத்தார்கள் அல்லவா, அது பளிச்சென்று ஆகிவிட்டது. இடது கண் பழைய சோடாபுட்டிப் பவரிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி போட்டால் வலது கண்ணுக்குத் தட்டாகத் தெரிவது இடது கண்ணுக்கு சாஸராகத் தெரியும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தலை சுற்றும். கோயில் படியில் இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்து விழுந்தேன், அதை உனக்குச் சொன்னோம். இடது கண்ணில் உள்திரை பலவீனமாக இருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தேறியபிறகு பார்க்கலாம், அதுவரை அந்த ஒரு கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர் மமதா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது காலேஜ் பிள்ளைகள் ஸ்டைலுக்குப் போடுவது, அறுபது தாண்டிய நான் போட்டால் கோயிலில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். படியில் விழுந்தால் என்ன சொல்வார்களோ அதைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள் என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், லென்ஸ் கிண்ணம் மாதிரிக் குவிந்து நிற்க வேண்டும், ஓரம் தட்டு மாதிரி விரிந்தால் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதெல்லாம் உடனே புரிந்துவிட்டது. ஆனால் விரல் கண்ணருகே வந்தால் இமை இறுக மூடிக்கொள்ளும், நான் என்ன செய்வேன்? டாடி பெருமையைக் கேள். முழு ஆட்டுத்தலையைச் சுத்தம் பண்ணுகிற மனுஷன், கண்ணைத் தொடுவதைப் பார்த்தால் அவருக்குக் கால் நடுங்குகிறது. நான் போட்டுவிடுகிறேன் பிரிஜெட் என்று வீரமாக லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தார், கிட்டே வந்ததும் தன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு என் மூக்கில் வைத்தார். அதற்குப் பிறகுதான் ஜூலியா, நீங்கள் நகருங்கள் டாடி என்று சொல்லித் தன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். அவள் நகம் வளர்த்துச் சாயம் போடுகிறவள் என்பது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து, எனக்கு லென்ஸ் போட்டுவிட்டுத்தான் தன் தலையை வாருவாள். மாலையில் வந்ததும் முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் டீ குடிப்பாள்.

இனிமேல் சொல்வதைக் கோபப்படாமல் படி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. மாடி வீட்டு குளோரியா அக்கா யாத்திரை போய்வந்து ஒரு பாட்டில் தீர்த்தம் கொடுத்தாள். லென்ஸ் டப்பியில் இரண்டு குழி இருக்கிறது, எனக்கு இடது கண்ணுக்கு மட்டும்தானே, வலது பக்கக் குழி சும்மா கிடக்கிறது. என் புத்தி என்ன சொன்னது தெரியுமா, ஒருராத்திரி தீர்த்தத்தில் ஊறினால் கண்ணுக்கும் நல்லது, தானாகப் போட்டுக்கொள்ளும் தைரியமும் வரும் என்று சொன்னது. ராத்திரி லென்ஸ் ஊறுகிற சொல்யூஷனிலிருந்து அதை எடுத்து அந்தக் குழியில் தீர்த்தத்தை ஊற்றிப் போட்டு, விடியுமுன் எழுந்து பழையபடி மாற்றியும் வைத்துவிட்டேன். ஜூலியா ஒன்றும் அறியாமல் போட்டுவிட்டாள். அப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் கண் ரத்தமாய்ச் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரம் நெட் சரியில்லை என்று உன்னிடம் வீடியோவுக்கு வராமல் இருந்தோமே, இதுதான் அந்த நெட். ஆஸ்பத்திரியில் டாக்டர் எதில் கழுவினீர்கள் என்று கேட்டதும் ஜூலியா அழுதுகொண்டே, "என் கைதான் சுத்தமா இருந்திருக்காது டாக்டர், நான்தான் போட்டுவிட்டேன்" என்றாள். அந்தப் பிள்ளை தோல் உரியக் கை கழுவுவதைப் பார்த்தவள் நான். எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன், அவள் கை இல்லை டாக்டர், என் பக்தி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நீரு பேடவே பேட அம்மா" என்று கன்னடத்தில் சொன்னார், எந்தத் தண்ணீரும் ஆகாதாம், குழாய்த் தண்ணீர், காய்ச்சின தண்ணீர், கோயில் தண்ணீர் எதுவானாலும் லென்ஸில் படவே கூடாதாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கருவிழியில் புண் ஆழமாகிப் பார்வையே போயிருக்குமாம். தீர்த்தத்தின் மேல் குற்றம் இல்லை, நெற்றியில் வைக்க வேண்டியதைக் கண்ணுக்குள் வைத்தது நான்.

வீட்டுக்கு வந்து அவள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மணிக்கு ஒரு சொட்டு மருந்து விடச் சொன்னார்கள், போனில் அலாரம் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் எழுந்து விட்டாள், என் மகள் இருந்திருந்தால்கூட ஒருநாள் சலித்துக்கொண்டிருப்பாள். கண் ஆறி, டாக்டர் சரி என்று சொன்னபிறகு புது லென்ஸ் போட்டுவிட்டாள். அன்றைக்கு ஜன்னல் பக்கம் நின்று இரண்டு கண்ணாலும் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இடது புருவத்தில் சின்னத் தழும்பு இருக்கிறது, கல்யாணமாகி இத்தனை நாளில் எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டால், சின்னப் பிள்ளையில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது மம்மி என்கிறாள். கண்ணுக்குக் கீழே கருப்படைந்து இளைத்தும் போயிருந்தாள், அது என்னால் என்பதும் தெரிந்தது. அடுத்த ஞாயிறுதான் அன்னா என்னிடம் விசா விஷயத்தைச் சொன்னது. என் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குப் புரியும்.

அன்றிலிருந்து நான் வைராக்கியமாகப் பழகினேன். டாடி வாஷ்பேசின் ஓட்டையை அடைத்துவிட்டுக் கதவருகே காவல் நிற்பார், ஜூலியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பாள், நான் போடுவேன், அது கன்னத்தில் ஒட்டும், தாடையில் ஒட்டும், கண்ணில் மட்டும் ஒட்டாது. ஒருநாள் கண்ணில்தான் இருக்கிறது என்று நம்பி வெகுநேரம் கண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தேன், அது என் நைட்டியில் பொத்தான் மாதிரி ஒட்டியிருந்தது. எனக்கு வரப்போவதில்லை, நீ போ, நான் லென்ஸ் இல்லாமல் தடவிக்கொண்டு நடக்கிறேன் என்று துண்டை வீசிவிட்டேன். அப்போது அவள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "மம்மி, நீங்க பூசைல ஃபாதர்கிட்ட நன்மை வாங்கற மாதிரியே பண்றீங்க. விரல் கிட்ட வந்தா வாயத் தொறந்து கண்ண மூடிக்கிறீங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான்டா! சின்ன வயதில் புது நன்மை வாங்கி, முதல்முதலாக நற்கருணை அப்பத்தை நாக்கில் வைத்த நாளிலிருந்து முகத்துக்கு நேரே வெள்ளையாக ஏதாவது விரலில் வந்தால் வாய் தானாகத் திறக்கிறது, கண் தானாக மூடுகிறது, இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? ஆண்டவர் மன்னிக்கட்டும், மூன்றுபேரும் பாத்ரூம் வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் சொன்னபடி பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டு, மேலே பார்த்தபடி வைத்தேன். ஒரு சில்லிப்பு, அவ்வளவுதான், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. டாடி வெளியிலிருந்து தோத்திரம் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். அன்று மாலையே நானே எடுத்தேன், மறுநாளும் போட்டேன், அதன்பிறகு தவறவில்லை. அவள் நம்பாமல் சில நாள் சோதித்துவிட்டுத்தான் டிக்கெட் போடச் சம்மதித்தாள்.

டிரேவர், இப்போது என் பேச்சைக் கவனமாகக் கேள். அங்கே அவளுக்கு எல்லாம் புதிது, முதல் கொஞ்ச நாள் எல்லாமே உறுத்தும், ஊர் உறுத்தும், குளிர் உறுத்தும், நீகூட உறுத்துவாய். அவசரப்படுத்தாதே. வேலைக்குப் போ என்று உடனே விரட்டாதே, பஸ் ஏறத் தெரியவில்லை என்று சிரிக்காதே, கூடவே நில், அவள் எனக்கு நின்றமாதிரி. டீயில் சர்க்கரை குறைவாகப் போடு. நகம் வளர்த்துக்கொள்ளச் சொல், அவளுக்குப் பிடித்த சாயம் ஒன்று வாங்கி வை, எனக்காக வெட்டிய நகம் அது. இப்படி ஒரு பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பியதற்கு ஆண்டவருக்கும் அன்னாவுக்கும் நான் கடன்பட்டவள், ஜூலியாவிடம் நேரில் சொன்னால் போங்க மம்மி என்று அடுப்படிக்குப் போய்விடுகிறாள், நீயாவது என் சார்பில் உட்காரவைத்துச் சொல்லிவிடு.

எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். போன ஞாயிறு கோயிலில் முதல் வாசகம் நான்தான் படித்தேன், படி ஏறி இறங்கியும் வந்தேன், ஒருவர் கையையும் பிடிக்கவில்லை. ஊறுகாய் பாட்டிலை பிளாஸ்டிக் உறையில் கட்டியிருக்கிறேன், நிமிர்த்தி வை. உன் கண்ணையும் ஒருதரம் காட்டிவிடு, என் வயிற்றில் பிறந்தவன் நீ, பவர் உனக்கும் வரும். நீங்கள் இரண்டுபேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற முதல் நாளிலிருந்து ஆண்டவர் உங்கள் வீட்டில் தங்கியிருக்கட்டும், டாடியும் நானும் உங்கள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம்.

கடைசியாகச் செக்கப்புக்குப் போனபோது ஜூலியா காதில் விழாமல் டாக்டரிடம் ஒன்று கேட்டேன், அழுதால் லென்ஸ் விழுந்துவிடுமா என்று. கசக்காமல் அழுதால் விழாது என்றார். வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டில் அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய்க் கூட்டத்தில் மறையும்வரைக்கும் எனக்கு அவளைத் தெளிவாகப் பார்க்க வேண்டும், அதனால் கையை இறுகக் கட்டிக்கொண்டு அழுவதாக இருக்கிறேன்.

என்றும் உங்கள் இருவருக்கும் மம்மி,
பிரிஜெட் ஹெர்பர்ட்