சலவைப் பட்டியலில் மார்ச் மாதம்

ஷ்லீரன், நவம்பர் 18, செவ்வாய்

இன்று குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் எங்கள் முறை. துணிகளோடு கீழே போனபோது, அவரவர் பெயரை எழுதிக்கொள்ள அடுத்த ஆண்டுக்கான பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மார்ச், ஏப்ரல், மே மாதச் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பெயர். என் மனைவி மாலதியின் எழுத்து. அலுவலகம் என்னை இங்கே அனுப்பிய காலம் முடிந்து, பிப்ரவரி கடைசியில் நாங்கள் சென்னைக்குத் திரும்ப வேண்டும்.

மேல்மாடி யாழ்ப்பாணத்துக்காரர் சிவம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"உங்கட மனிசிதான் எழுதினவ. இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறியளாம். உங்களுக்கே தெரியாதோ, தம்பி?" என்று சிரித்தார். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மாலதியிடம் கேட்டேன். "சும்மா எழுதி வெச்சேங்க" என்றாள்.

வந்த புதிதில் ஊருக்கு அனுப்பச் சொல்லி அழுதவள் இவள்தான். மார்ச்சில் நான் சென்னை அலுவலகத்தில் இல்லையென்றால் மேலாளர் பதவி ராகவனுக்குப் போய்விடும். ஏற்கெனவே ஒருமுறை என்னைத் தாண்டிப் போனவன். அது அவளுக்கும் தெரியும்.

வாடகை வீட்டைக் காலி செய்யும் கடிதம் மூன்று மாதம் முன்பே, அதாவது இம்மாதத்துக்குள், வீட்டு நிர்வாகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நாட்டுச் சட்டப்படி கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அவளையும் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

"அதெல்லாம் அன்னிக்கே அனுப்பியாச்சு."

"ரசீது எங்கே?"

"என்னை நம்ப மாட்டீங்களா?"

அவள் குளிக்கப் போனதும் அவளுடைய கைப்பையைத் திறந்தேன். கடிதம் அதிலேயே இருந்தது. என் கையெழுத்து மட்டும். மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நாளையும் ரசீதைத்தான் கேட்பேன். எத்தனை நாள் இதே பொய்யைச் சொல்கிறாள் என்று பார்க்கிறேன்.